காதோரத்து இரத்தம்

முகத்தைத் துடைத்துவிடுவது எங்கள் வேலையில் யாரும் பாடமாகச் சொல்லித் தராத ஒன்று. கை உடைந்தோ கால் நசுங்கியோ வருகிறவருடைய காயத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடலாம். முகத்தை அப்படி மூடிவைக்க முடியாது. முகத்தின் தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் அடர்த்தியாக ஓடுவதால், புருவத்தில் அரை அங்குலம் கிழிந்தால்கூடச் சட்டை நனைகிற அளவுக்கு இரத்தம் வழியும். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்குகிற தாயோ மனைவியோ அதைப் பார்த்ததும் வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு ஒருவருக்கு இருவராகக் கவனிக்க வேண்டியிருக்கும். அதனால், சலைனில் நனைத்த காஸ் துணியை எடுத்துக் கண்ணோரம், மூக்கோரம், கழுத்து மடிப்பு என்று உறைந்து ஒட்டியிருக்கிற இரத்தத்தை எல்லாம் துடைத்து, காயத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதபடி செய்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. எனக்குக் கை மிருது என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லுவார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. இப்போது எழுத உட்கார்ந்திருப்பது அந்தப் பெருமையைப் பற்றித்தான்.

குமரி மாவட்டத்தின் மேற்கே, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. பெரிய விபத்து என்றால் முதலுதவி செய்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ அனுப்பிவிடுவோம். சின்னக் காயங்களை எங்களிடமே தைத்து அனுப்புவோம். எது சின்னக் காயம், எது பெரிய காயம் என்பதைப் பிரிப்பதில் எனக்குத் தேர்ச்சி உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜூன் மாதச் சாயங்காலம். நாலைந்து நாளாக விடாத மழை. ஆறு வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். குளத்துப் படியில் பாசி வழுக்கி, கையை ஊன்றக்கூட நேரமில்லாமல், தாடை நேராகக் கல்லில் அடிக்க விழுந்திருக்கிறான். பாட்டி தன் தோர்த்துத் துண்டை மடித்து அவன் தாடையில் அழுத்திப் பிடித்திருந்தார். தோர்த்து முழுவதும் சிவப்பு. பையன் அழவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தானா என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். தோர்த்தை விலக்கிப் பார்த்தேன். தாடையின் அடியில் குறுக்கே ஒரு கிழிவு. ‘சின்னக் காயம்’ என்று மனம் சொல்லிவிட்டது. தேசிய நெடுஞ்சாலையில் இரண்டு பைக்குகள் மோதி வந்திருந்த இளைஞர்களில் ஒருவரை டியூட்டி டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் பையனைத் தயார் செய்துவிடலாம் என்று முகத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். கன்னம், கழுத்து, காதின் மடிப்பு. இடது காதின் ஓட்டையருகே ஒரு துளி இரத்தம் உறைந்து கறுத்திருந்தது. தாடையிலிருந்து வழிந்து போயிருக்கும் என்று நினைத்து அதையும் துடைத்தேன்.

டாக்டர் வந்து நாலு தையல் போட்டார். இளம் வயது, ஆனால் கை நல்ல கை. நுண்ணிய நூலில், தோலின் இரு விளிம்பும் கோடாகச் சேரும்படி தைத்தார். டி.டி. ஊசி போட்டேன். தாடையில் 3 செ.மீ. கிழிவு, நினைவு தெளிவு, தையல் போடப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினோம். அழாமல் இருந்ததற்குப் பரிசாக மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயைப் பிரித்து அவன் வாயருகே நீட்டினேன். வாயைத் திறக்காமல், கையால் வாங்கிப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டான். வெட்கப்படுகிறான் என்று சிரித்தோம். ஐந்தாம் நாள் தையல் பிரித்ததும் நான்தான். “கஞ்சித் தண்ணியத் தவிர ஒண்ணும் திங்க மாட்டேங்கான் சிஸ்டரே” என்று பாட்டி சொன்னார். “வலி இருக்கும்லா, பைய பைய சரியாயிரும்” என்று நான் சொன்னேன்.

படுக்க வைக்காதே

நான் ஒன்றும் தெரியாதவளாக இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். முகக் காயம் என்றால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒருவர் எனக்குச் சத்தம் போட்டுக் கற்றுக்கொடுத்தார். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-இல். அதற்கு முன்பெல்லாம் அடிபட்டவர்கள் ஜீப்பிலும் லாரியிலும் வருவார்கள். அப்படி ஒரு ஜீப்பின் பின்னிருக்கையில் ஓர் இளைஞர் முழங்காலில் கையை ஊன்றி, முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்தபடி வந்தார். வாயிலிருந்து இரத்தமும் எச்சிலும் நூலாகத் தொங்கின. முகத்தின் கீழ்ப்பாதி தன் உருவத்தை இழந்திருந்தது. அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் படுக்கவைக்கத் தோளைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். மீண்டும் பிடித்தேன், இன்னும் பலமாகத் தள்ளினார். குடித்திருக்கிறார், அதனால்தான் அடங்க மறுக்கிறார் என்று எண்ணி இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிட்டேன். அப்போதுதான் மூத்த சிஸ்டர் உள்ளேயிருந்து ஓடிவந்து, “படுக்க வைக்காதே! கொன்னுப் போடுவியா அவன?” என்று கத்தினார்.

கீழ்த்தாடையின் முன்பக்க உட்சுவரில்தான் நாக்கின் தசை கட்டப்பட்டிருக்கிறது. தாடை இரண்டு பக்கமும் உடைந்து நடுத்துண்டு மட்டும் தனியாகிவிட்டால், நாக்குக்குக் கட்டுத்தறி இல்லாமல் போய்விடும். மல்லாக்கப் படுத்த நொடியில் அது பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைக்கும். மேலே இரத்தமும் வந்து தேங்கும். அந்த இளைஞர் தன் உயிரைத் தானே குனிந்து காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அதைக் குடிபோதை என்று நினைத்தேன். ஆனால் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முகம் உடையுமளவுக்கு அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் அடிபட்டிருக்கலாம். கழுத்து அசையாமல் படுக்கவை என்கிறது. தாடை உட்காரவை என்கிறது. மூச்சுக்குத்தான் முதலிடம் என்பதால், மூத்த சிஸ்டர் அவரை உட்கார்ந்த நிலையிலேயே விட்டு, பின்னால் நின்று தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சக்‌ஷன் குழாயை அவர் கையிலேயே கொடுத்தார். அந்த மனிதர் தன் வாயைத் தானே உறிஞ்சிச் சுத்தம் செய்துகொண்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

தாடை சிதைந்த சிப்பாய்களை மல்லாக்கக் கிடத்தித் தூக்கிச் சென்றால் வழியிலேயே மூச்சடைத்து இறந்துபோவார்கள் என்பதை முதல் உலகப் போரின் மருத்துவர்கள் கண்ணெதிரே கண்டு கற்றார்கள். எங்கள் மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்ட் சாமர்வெல், 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர் என்று ஊரில் பலருக்குத் தெரியும். அதற்கு முன் 1916-இல் பிரான்சின் சாம் போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு நடுவே வேலை செய்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. மூத்த சிஸ்டரின் அந்தக் கத்தல் அங்கிருந்து கைமாறிக் கைமாறி எங்கள் ஊர் வரை வந்தது என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

அன்றிரவு ஒரு நோட்டு வாங்கினேன். முகக் காயத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவற்றை எழுதிவைப்பதற்காக. ஆண்டுகள் போகப்போக அது நிரம்பியது. மேல்தாடையும் மூக்கின் வேரும் நொறுங்கியவருக்கு வயிறு உப்பியிருக்கிறது என்று மூக்கு வழியாக, வயிற்றுக்குள் இறக்கும் ரைல்ஸ் டியூப் போடக் கூடாது. மண்டையோட்டின் அடித்தளம் விரிசல் கண்டிருந்தால் குழாய் மூளைக்குள் போய்விடும், போட்டே ஆகவேண்டுமென்றால் வாய்வழியாகத்தான். மூக்கிலிருந்து தண்ணீர்போல் ஒழுகினால் சளி என்று சிந்தச் சொல்லக் கூடாது. அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம், துணியில் விழுந்தால் நடுவில் இரத்தமும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாகப் பரவும். கன்ன எலும்பில் அடிபட்டு வந்தால், இமை வீங்கிக் கண்ணை மூடிக்கொள்வதற்கு முன்பே விரலைக் காட்டி எண்ணச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டி அழுத்தினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பார்வை திரும்ப வராமல் போய்விடக்கூடும். வெளிக்கடைக் கண்ணில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தால் அந்தக் கண் பிழைக்கும். வீக்கம் வடியட்டும், நாளை பார்க்கலாம் என்று விட்டுவைத்த கண் பிழைக்காது.

பல்லைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாயில் இரண்டு பல்லைக் காணோம் என்றால், அவை சாலையில் கிடக்கின்றன என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு வந்த வண்டியில் மோதிய ஒருவருக்கு இருமல் நிற்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் பல் உட்கார்ந்திருந்தது. இடதுகுழாயைவிட வலதுகுழாய் அகலமாகவும் நேராகவும் இறங்குவதால் உள்ளே போவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் போகும். சட்டம் எங்களைவிடக் கவனமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எலும்பு உடைந்தாலும் பல் உடைந்தாலும் முகம் நிரந்தரமாக விகாரப்பட்டாலும் அது ‘கொடுங்காயம்’ என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவிலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவிலும் இருக்கிறது. காவலர் வந்து கேட்பார் என்பதற்காகவாவது பல்லை எண்ணுவோம்.

கடற்கரைப் பக்கத்துப் பையன்கள் கால்பந்து ஆடி மூக்கில் அடிபட்டு வருவதும் அந்த நோட்டில் உண்டு. வெளியே மூக்கு கோணலாகக்கூட இருக்காது. ஆனால் மூக்கின் நடுச்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நாவற்பழம்போல் புடைத்திருக்கும். குருத்தெலும்புக்கு என்று தனியாக இரத்தக் குழாய் இல்லை. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. இரண்டுக்கும் நடுவே இரத்தம் கட்டினால், ஓரிரு நாளில் குருத்தெலும்பு அழுகி, பிற்பாடு மூக்குத் தண்டு அமுங்கிப்போகும். டார்ச் அடிக்க ஒரு நிமிடம் போதும்.

இப்படியெல்லாம் எழுதிவைத்திருந்த நோட்டில், தாடையடியில் கிழிந்து வரும் குழந்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு பேராவது அப்படி வருவார்கள். சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், வழுக்கிய தரையில் ஓடியவர்கள், படியில் தடுக்கியவர்கள். மூச்சுக்கு ஆபத்து இல்லை, கண்ணுக்கு ஆபத்து இல்லை, நாலு தையல், ஒரு மிட்டாய். அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

கல்யாணப் பந்தி

இரண்டு ஆண்டுகள் கழித்து மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் ஒரு பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் இலையில் சோறு அப்படியே இருந்தது. பாயசம் விழுந்ததும் பாட்டி அதில் மட்டிப்பழத்தை உரித்துப் போட்டு, பப்படத்தை நொறுக்கி, களியாகப் பிசைந்தார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதற்கப்புறம் பையன் செய்தது வேறு. விரல்நுனியில் கொஞ்சம் எடுத்து, உதட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, பற்களின் வெளிப்பக்கமாகக் கன்னத்துக்குள் தள்ளி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே எங்கோ இருந்த ஒரு சந்து வழியாக உறிஞ்சினான். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பூட்டியதுபோல் சேர்ந்தே இருந்தன. கீழ்த்தாடை வயதுக்கு வளராமல் சிறுத்து, கழுத்தோடு ஒட்டிப் பின்வாங்கியிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடக் குறுகியிருந்தது.

நான் பார்ப்பதைப் பாட்டி பார்த்தார். கொஞ்ச நேரம் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர, “சிஸ்டரில்லா! எனக்கு நல்ல ஓர்மை உண்டு. அன்னைக்கு எனக்க பேரனுக்க மொகத்தப் பூப்போலத் தொடச்சு விட்டது நீங்கதானே” என்றார்.

அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. பையனை நான் மறந்திருந்தேன். குளத்தையும் தோர்த்தையும் மறந்திருந்தேன். துடைத்தது என்று அவர் சொன்னதும் என் விரல் நினைவுபடுத்தியது. காது மடிப்பில் காஸ் துணி போய்த் தடுக்கிய இடம், உறைந்து கறுத்த ஒரு துளி. தாடையடியில் வழியும் இரத்தம் நிமிர்ந்து இடுப்பில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு எப்படிக் காதுக்கு ஏறும்? கழுத்துக்கல்லவா இறங்கியிருக்க வேண்டும்? இரண்டு ஆண்டுகள் கழித்துப் பந்தியில் உட்கார்ந்து கேட்ட இந்தக் கேள்வியை அன்று, கையில் துணியோடு நின்றபோது, நான் கேட்கவில்லை.

கீழ்த்தாடை குதிரை லாடத்தைப் போல வளைந்த எலும்பு. அதன் இரு முனைகளும் காதுக்கு முன்னால், மண்டையோட்டின் குழியில் உருண்டைகளாகப் பொருந்தியிருக்கின்றன. வாயைத் திறக்கும்போது காதுக்கு முன்னால் விரலை வைத்தால் அந்த உருண்டை நகர்வது தெரியும். தாடையின் நுனியில் விழுகிற அடி அங்கேயே நின்றுவிடாது. எலும்பு வழியே இரு பக்கமும் ஏறிக் காதடிக்குப் போகிறது. உருண்டைக்குக் கீழே கழுத்துப்போல் ஒடுங்கும் எலும்பு மெலிந்தது. அது உடைவதால்தான் அடி மண்டைக்குள் ஏறாமல் நிற்கிறது. அந்த வகையில் அது நமக்கு நல்லது செய்கிறது. ஆனால் ஆறு வயதில் அந்தக் கழுத்து நன்றாக நீளவில்லை, உருண்டை பிஞ்சுக் கிழங்கைப் போல மென்மையாக, உள்ளே இரத்தம் நிறைந்து இருக்கும். அதனால் மூட்டுக்குள்ளேயே நொறுங்கி, மூட்டுக்குள்ளேயே இரத்தம் கசிகிறது. முனை பின்னால் தள்ளும்போது காதுக்குழாயின் முன்சுவர் கிழிந்து ஒரு துளி வெளியே வரும். வலியால் குழந்தை வாயை அசைக்காமல் வைத்திருக்கும். அசைவில்லாத மூட்டில் உறைந்த இரத்தம் நாளடைவில் நாராகி, நார் எலும்பாகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்டவைத்துவிடும். கீழ்த்தாடை வளர்வதில் அந்த உருண்டைக்கும் பங்கு உண்டு என்பதால் தாடையும் வளராமல் நின்றுவிடும்.

பந்தி முடிந்ததும் பாட்டியோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். தையல் பிரித்து ஒரு மாதம் கழித்தும் வாய் பாதிதான் திறந்ததாம். பக்கத்து ஊர் வைத்திய ஆசானிடம் கொண்டுபோய்ச் சில மாதம் எண்ணெய் போட்டுத் தடவியிருக்கிறார்கள். பல் சொத்தை வந்து பல் டாக்டரிடம் போனபோது கண்ணாடியை உள்ளே விடவே முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். ராத்திரியில் குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறான். பின்வாங்கிய தாடையோடு நாக்கும் பின்னால் போய்க் காற்றுவழியை அடைக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. ஜீப்பில் வந்த இளைஞருக்கு நிமிடங்களில் நடக்கவிருந்த அதே காரியம் இந்தக் குழந்தைக்கு இரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் நடந்துகொண்டிருக்கிறது. பையனை அருகே அழைத்துத் தாடையடியைப் பார்த்தேன். தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. அந்த இளம் டாக்டரின் தையல் அப்படி.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாலை விபத்தில் வந்தவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இடையில் ஓடிவந்து தைத்தவர் அவர். வாயைத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும், தாடை ஒரு பக்கமாகக் கோணுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், காதுக்கு முன்னால் விரல்வைத்து அமுக்கியிருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் காதில் இரத்தம் கண்டிருந்தால் எந்த டாக்டரும் நின்றிருப்பார். மண்டையோட்டின் அடித்தளம் உடைந்தாலும் காதில் இரத்தம் வரும் என்பதால் அதை யாரும் சும்மா விடமாட்டார்கள். நான் அவரிடம் கொடுத்தது துடைத்த முகம். அவர் பார்த்தது நான் காட்டியதை.

கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. இவ்வளவு சின்ன வயதில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை கிடையாது. சில நாள் மென்மையான உணவு. பிறகு ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்து மூடப் பழக்குவது. வாரம் ஒருமுறை வந்து எவ்வளவு திறக்கிறது என்று அளந்துகொண்டு போவது. அவ்வளவுதான். ‘பைய பைய சரியாயிரும்’ என்று ஐந்தாம் நாள் நான் சொன்ன இடத்தில், ‘தினமும் தொறந்து மூடணும், அடுத்த வாரம் கொண்டு வாங்க’ என்று சொல்லியிருந்தால் போதும்.

குச்சிகள்

திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கூடப் போயிருந்தேன். மயக்க மருந்து கொடுப்பதுதான் முதல் கண்டம். வாய் திறக்காத குழந்தைக்கு வாய்வழியாக மூச்சுக்குழாய் போட முடியாது. மூக்கு வழியாக, நுனியில் வெளிச்சம் உள்ள மெல்லிய குழலை விட்டு, பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும். அது தவறினால் கழுத்தில் துளை போட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். பாட்டி என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒட்டிப்போன எலும்பைச் செதுக்கி எடுத்து, திரும்பவும் ஒட்டாமலிருக்கப் பொட்டுத் தசையின் ஒரு பட்டையைத் திருப்பி இடையில் வைத்தார்கள். மேசையிலேயே வாய் திறந்துவிட்டது என்று வெளியே வந்த டாக்டர் சொன்னபோது, “மூணு வெரலு போகும்” என்று தன் விரலையே காட்டினார். ஆனால் உடனே, இது பாதி வேலைதான் என்றும் சொன்னார். பல மாதங்கள் தினமும் பயிற்சி செய்யாவிட்டால் எலும்பு மறுபடியும் வளர்ந்து மூடிக்கொள்ளும். தாடை வளர்வதற்கு இன்னும் அறுவைகள் தேவைப்படலாம்.

பயிற்சிக்கு ஐஸ் குச்சிகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பற்களுக்கு நடுவே வைத்து, வலி தாங்குகிற மட்டும் ஒன்றைக் கூடுதலாகச் செருக வேண்டும். மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கட்டு வாங்கிக்கொடுத்தேன். விலை கொடுக்கும்போது கடைக்காரர், “ஐஸ் போடப்போறீங்களா சிஸ்டரே?” என்று கேட்டார்; தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஜூனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழை. பாட்டி மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருந்தார். காதில் இருந்த துளியைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர்களிடம் சொல்லிப் பயனில்லை; அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. பாட்டியிடம் சொல்லாமல் அந்தக் கிழங்கைத் தின்ன முடியாது என்று தோன்றியது. சொன்னேன். காதிலிருந்து இரத்தம் வந்திருந்தது, அது உள்ளே எலும்பு உடைந்ததற்கு அடையாளம், டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் துடைத்துவிட்டேன், பிறகு நீங்கள் கஞ்சி மட்டும் குடிக்கிறான் என்று சொன்னபோதும் எனக்குத் தோன்றவில்லை. இந்த வரிசையில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன்.

பாட்டி உடனே ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் மீன்கறி கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தீயைத் தணித்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்ததா, வந்து போனதா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு உள்ளே பார்த்து, “மக்களே, இஞ்ச வா. குச்சிய எடுத்துட்டு வா. சிஸ்டருக்கு வாயத் தொறந்து காட்டு” என்றார்.

பையன் ஒரு டப்பாவோடு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தான். பத்து குச்சிகளை அடுக்கி ரப்பர் பாண்டு போட்டு வைத்திருந்த கட்டை முதலில் வைத்தான். பிறகு ஒவ்வொன்றாகச் செருகினான். பதினாறாவதில் கண்ணில் நீர் வந்தது. பாட்டி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழாவதை அவன் கையில் எடுத்து, நுனியை உள்ளே நுழைத்து, கட்டைவிரலால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தான்.